கழிக்கும்போது குடும்பம், கொடுக்கும்போது தனி ஆள்

1931-ன் கடைசியில் பிரிட்டிஷ் அரசு, நெடுநாள் வேலையில்லாதவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகைக்கு ஒரு புது நிபந்தனை போட்டது. அதிகாரி வீட்டுக்கே வருவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வருமானம் என்று எழுதிக்கொள்வார். மகள் கடையில் வாங்கும் சம்பளம், தாத்தாவின் ஓய்வூதியம், மகனின் வாரக்கூலி எல்லாவற்றையும் கூட்டி, அந்த அளவுக்கு அப்பாவின் உதவித்தொகையைக் குறைப்பார்கள். பியானோ இருந்தால் அதை விற்றுச் சாப்பிடச் சொன்னார்கள் என்பது தெற்கு வேல்ஸின் நிலக்கரி ஊர்களில் தலைமுறை தாண்டி வந்த பேச்சு. அப்பாவின் காசு வெட்டுப்படக் கூடாது என்று வேலையிலிருந்த பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பி வேறிடத்தில் வாடகைக்குப் போனார்கள். இதே ஊர்களில் 1980-களில் சுரங்கங்களை மூடியபோது கணக்குமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணியாற்றிய வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பாத்தியதை தீர்ந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இம்முறை யாரும் கேட்கவில்லை. நிலக்கரி ஊர்களின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும் என்பது இக்கட்டுரையின் வாதம். கழிக்கும்போது அரசும் கம்பெனியும் குடும்பத்தை ஓர் அலகாகப் பார்த்தன; கொடுக்கும்போது தனி ஆளைப் பார்த்தன. இடையில் விழுந்த தொகை எவ்வளவு என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதனால்தான் இந்த ஊர்களின் கதையைச் சொல்ல வந்தவர்கள் மீண்டும் மீண்டும் மூன்று தலைமுறைக் குடும்பக் கதையில் போய் நிற்கிறார்கள்.

ரோண்டா பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 1851-ல் அங்கே ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஆடு மேயும் மலைச்சரிவு. 1921-ல் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் எரியும் அந்தப் பள்ளத்தாக்கின் கரியைப் பிரிட்டிஷ் கடற்படை விரும்பி வாங்கியது. கொழும்பு போன்ற துறைமுகங்களில் நீராவிக் கப்பல்கள் நிரப்பிக்கொண்டதிலும் வேல்ஸ் கரி உண்டு. 1913-ல் மட்டும் தெற்கு வேல்ஸ் வெட்டியெடுத்தது ஐந்தரைக் கோடி டன்னுக்கும் மேல். இத்தனை கரியை வெட்ட ஆள் வேண்டும். ஆள் எப்படி வந்தான்? அப்பன் மகனைக் கூட்டிவந்தான். அண்ணன் தம்பியை வரவழைத்தான். கரிமுகத்தில் வெட்டுபவருக்கு டன் கணக்கில்தான் கூலி. வெட்டிய கரியை வாரிப்போட அவர் ஒரு பையனை வைத்துக்கொள்வார். அந்தப் பையன் பெரும்பாலும் சொந்த மகன், இல்லையென்றால் பக்கத்து வீட்டு மகன். எங்கே கூரை முனகுகிறது, எந்த ஓசை கேட்டால் ஓட வேண்டும், விளக்கின் சுடர் எப்படி மாறினால் வாயு சேர்ந்திருக்கிறது என்ற பாடமெல்லாம் அப்பன் வாயிலிருந்துதான். முதலாளிக்குப் பயிற்சிச் செலவு மிச்சம். ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுத்தவர், அவனுடைய அடுத்த தலைமுறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

இது ஆண்களின் கணக்கு. பெண்களின் கணக்கு இன்னும் நுணுக்கமானது, அதில்தான் என் வாதத்துக்குப் பலமான சாட்சியம் இருக்கிறது. 1842-ல் வந்த சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன்பின் சுரங்கத்துக்காகப் பெண்கள் வீட்டில் செய்த வேலை எதுவும் கூலிப்புத்தகத்தில் ஏறவில்லை. ஒரே வீட்டில் அப்பா காலை ஷிஃப்ட், மூத்தவன் மதியம், சோறும் படுக்கையும் கொடுத்துத் தங்கவைத்த ஆள் இரவு என்றால், அந்த வீட்டு அடுப்பு அணைவதே இல்லை. கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் தகரத் தொட்டியை எடுத்துவந்து அடுப்புக்கு முன்னால் போட வேண்டும். வெந்நீரை வாளி வாளியாகத் தூக்கி ஊற்ற வேண்டும். முதலில் அப்பா, பிறகு மூத்தவன், பிறகு இளையவன் என்று வயசுவாரியாகக் குளிப்பார்கள்; கடைசி ஆள் இறங்கும்போது தண்ணீர் மையைப் போலிருக்கும். முதுகை அடிக்கடி கழுவினால் இடுப்பு பலம் போய்விடும் என்ற நம்பிக்கை வேறு இருந்தது, அதனால் முதுகுக் கரி அப்படியே இருக்கும். படுக்கை விரிப்பைத் துவைப்பவள் பாடு. துணியைத் தட்டினால் எழும் தூசும் அவள் மூச்சுக்குள்தான். 1919-ல் நிலக்கரித் தொழிலை விசாரித்த சாங்கி கமிஷன் முன்னால் சுரங்கத் தொழிலாளர் மனைவியர் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ரோண்டாவைச் சேர்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ். சுரங்க வாசலிலேயே குளியலறை கட்டிக்கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கனமான வெந்நீர்ப் பாத்திரங்களைத் தூக்கிக் கர்ப்பிணிகள் படும் பாட்டையும், குழந்தைகள் மேல் வெந்நீர் கொட்டி நேரும் சாவுகளையும் எடுத்துச் சொன்னார்கள். வேல்ஸில் முதல் சுரங்கக் குளியலறை 1916-லேயே டிரெஹாரிஸ் ஊரில் வந்துவிட்டது. ஆனால் எல்லாச் சுரங்கங்களுக்கும் அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை கம்பெனியின் குளியலறைச் செலவை ஏற்றது தொழிலாளியின் சமையலறை.

சாவுக் கணக்கும் குடும்பவாரியாகத்தான் வந்தது. 1913 அக்டோபர் 14 அன்று செங்ஹெனித் ஊரின் யுனிவர்சல் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் செத்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் அதுவே மிகப் பெரிய விபத்து. அதே சுரங்கம் 1901-லும் வெடித்து 81 பேரைப் பலிகொண்டிருந்தது. 440 என்ற எண் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. அதை வீடுவீடாகப் பிரித்தால் சொல்லும். பன்னிரண்டு வீடுகளில் அப்பாவும் மகனும் சேர்ந்து போனார்கள். பத்து வீடுகளில் இரண்டு மகன்கள். ஒரு பெண்ணுக்குக் கணவன், இரண்டு மகன்கள், சகோதரன், வீட்டில் தங்கியிருந்தவர் என்று ஐந்து பேர் ஒரே நாளில். இன்னொரு வீட்டில் அப்பாவும் ஆண்பிள்ளையும் போய்விட, ஆறு தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. பாதுகாப்பு விதிகளை மீறியதாக வழக்கு நடந்து, மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், கம்பெனிக்கு 10 பவுண்டு. மேலாளரின் அபராதத்தைச் செத்தவர் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங், ஒன்றேகால் பென்னி என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தப் பத்திரிகையின் கோபம் நியாயமானது, ஆனால் வகுத்தல்தான் சரியில்லை. ஆள்வாரியாக வகுக்கக் கூடாத இழப்பு அது.

முதல் உலகப் போருக்குப் பின் கரிக்கு மவுசு குறைந்தது. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, ஏற்றுமதிச் சந்தை சுருங்கியது, 1926-ன் நீண்ட கதவடைப்பு தொழிலாளர்களை நொறுக்கியது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வேல்ஸைவிட்டு வெளியேறியவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். ரோண்டாவின் ஜனத்தொகை 1921-க்கும் 1931-க்கும் இடையில் மட்டும் இருபதாயிரம் போல இறங்கியது. போனவர்கள் யார்? கல்யாணமாகாத பையன்கள், இங்கிலாந்தில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகள். ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி கார்த் தொழிற்சாலைகளிலும் ஸ்லௌவிலும் ஒருவன் கால் ஊன்றினால் அடுத்த மாதம் தம்பி, அதற்கடுத்து மாமன் மகன். வந்த வழியிலேயே குடும்பங்கள் வெளியேறின என்று சொல்லலாம். நடுத்தர வயதுக்காரர்கள் ஏன் போகவில்லை என்று லண்டனில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குச் சொந்த வீடு இருந்தது. நம் ஊர்க் குலுக்கல் சீட்டு மாதிரி, மாதாமாதம் பணம் கட்டி வரிசையாக வீடு எழுப்பும் குழுக்களில் சேர்ந்து கட்டிய வீடுகள். சுரங்கம் மூடிய ஊரில் அந்த வீட்டை வாங்க ஆள் ஏது? சேமிப்பே காலில் கட்டிய கல்லாகிவிட்டது. இந்த நிலையில்தான் முதலில் சொன்ன வருமானச் சோதனை வந்து, மிச்சமிருந்த பிள்ளைகளையும் வீட்டைவிட்டுத் துரத்தியது. 1935 பிப்ரவரியில் தெற்கு வேல்ஸ் முழுக்க லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பெண்களும் சிறுவர்களும் கலந்த ஊர்வலங்கள் அவை. அரசு புதிய உதவித்தொகை விதிகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வேலை கேட்டு நடந்த ஊர்வலங்களைவிட இதில் கூட்டம் ஏன் பொங்கியது என்பதை யோசிக்க வேண்டும். அரசு கைவைத்தது கூலியில் இல்லை, அப்பன்–மகன் உறவில்.

குடும்பத்தை அலகாக வைத்து நியாயமாகவும் கணக்குப் போட முடியும் என்று காட்டியவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். டிரெடிகரில் தொழிலாளர்கள் நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்துக்குக் கூலியிலிருந்து சில பென்னிகள் பிடிக்கப்படும். பதிலுக்கு மருத்துவர், மருந்து, மருத்துவமனை எல்லாம் மொத்தக் குடும்பத்துக்கும். ஊரில் ஏறக்குறைய எல்லோருமே அதன் பாதுகாப்பில் இருந்தார்கள். அந்த ஊரில் 1897-ல் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் பின்னாளில் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தார். அவருடைய தந்தை நுரையீரலில் கரித்தூசு படிந்த நோயில் 1925-ல் இறந்தவர். அந்த நோய்க்கு அப்போது நஷ்டஈடு கிடையாது.

இனி 1984. அரசுடைமையான சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி வாரியம் நாடு முழுக்க 20 சுரங்கங்களை மூடி 20,000 வேலைகளைக் குறைக்கத் திட்டமிட்டது. மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு வருஷம் நீடித்தது. அந்த ஒரு வருஷத்தில் அரசு எந்த அலகை எடுத்தது என்று பாருங்கள். வேலைநிறுத்தம் செய்தவருக்கு உதவித்தொகை இல்லை. மனைவி, குழந்தைகளுக்கு உண்டு, ஆனால் அதிலிருந்து வாரம் 15 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சங்கம் அந்த அளவு தொகை கொடுப்பதாகக் கருதிக்கொள்வது சட்டம். சங்கம் கொடுக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வராத காசைக் குழந்தையின் பாலில் கழித்தார்கள். அதேசமயம், வேலையை விட்டுப்போக ஒப்புக்கொள்பவருக்கு ஒவ்வொரு வருஷப் பணிக்கும் 1,000 பவுண்டு என்று வாரியம் கொடுக்க முன்வந்தது. இருபது வருஷம் இறங்கியவருக்கு 20,000 பவுண்டு. அன்றைக்கு அது பெரிய காசுதான். சங்கத்தின் வாதம் விசித்திரமாகத் தோன்றும்: இந்த வேலை உன்னுடையது இல்லை, விற்க உனக்கு உரிமை கிடையாது, உன் மகனுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சேரவேண்டியது. பொருளாதார நிபுணர்கள் சிரித்தார்கள். தமிழ் வாசகருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பூர்வீக நிலத்தை அப்பா மட்டும் கையெழுத்திட்டு விற்றால் வாரிசுகள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்பது நமக்குத் தெரிந்த விவகாரம். ரோண்டாவின் வேலை அந்த மாதிரிப் பூர்வீகச் சொத்து, பத்திரம்தான் இல்லை. 1985 மார்ச்சில் மார்டி ஊர்க்காரர்கள் தோற்ற பிறகும் வாத்திய இசையோடு, சங்கக் கொடியோடு சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான அது 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: தூசும் வெடிப்பும் நிறைந்த ஒரு வேலை போனதற்கு எதற்கு ஒப்பாரி? எத்தனையோ சுரங்கத் தொழிலாளிகளே தம் மகன் இந்தக் குழியில் இறங்கக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டார்கள்? உண்மை. கூலியில் பிடித்தம் செய்து நூலகம் கட்டிய ஊர்கள் இவை. வேல்ஸின் பள்ளத்தாக்குகள் இங்கிலாந்துக்குக் கரிக்கு அடுத்தபடியாக ஏற்றுமதி செய்தது பள்ளி ஆசிரியர்களை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் தப்பிப்பதும் குடும்பக் கணக்கில்தான் நடந்தது. அண்ணன் கரி வெட்டினால்தான் தம்பிக்குக் கல்லூரி. எழுத்தாளர் க்வின் தாமஸ் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பன்னிரண்டாவது பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டுவரை போனார். சுரங்கத்தைத் திடீரென மூடியபோது வெட்டுப்பட்டது இந்த ஏணியும்தான். வேலையை வெறுப்பதும், அந்த வேலையின் கூலியில் வெளியேற வழி அமைப்பதும் ஒரே ஆள் மனதில் முரணில்லாமல் இருக்கும். இதை ஏதோ கிராமத்து அசட்டுப் பாசம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வீட்டுக் கணக்கு தெரியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: கரி சாகவேண்டிய எரிபொருள், இன்றைக்கு யார் அதற்கு வக்காலத்து வாங்க முடியும்? நான் வாங்கவில்லை. 1980-களின் மூடல் காலநிலை மாற்றத்துக்காக நடந்ததில்லை என்பதை மட்டும் நினைவூட்டலாம். கேள்வி, மூடுவதா வேண்டாமா என்பதில்லை; எந்த வேகத்தில், எந்த அலகில் என்பது. ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் 1950-களின் கடைசியிலேயே நிலக்கரி நெருக்கடி வந்துவிட்டது. அங்கே 1968-ல் சுரங்கங்களை ஒரே நிறுவனமாக்கினார்கள். கடைசிச் சுரங்கம் பாட்ரோப்பில் 2018 டிசம்பர் 21 அன்றுதான் மூடியது. அரை நூற்றாண்டு இடைவெளியில் மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு, இளையவர்களுக்கு வேறு சுரங்கம் அல்லது வேறு தொழில். அதுவரை பல்கலைக்கழகமே இல்லாத பகுதியில் 1965-ல் போஹும் நகரில் ஒன்று திறந்தார்கள். அப்பா ஓய்வுபெறுவதும் மகன் வேறு படிப்பு படிப்பதும் ஒரே வீட்டில் ஒரே சமயம் நடக்க முடிந்தது. செலவு பயங்கரம், வரிப்பணம் கொட்டியது என்ற குற்றச்சாட்டில் நியாயமுண்டு. அப்படியும் கெல்சன்கிர்ஷன் போன்ற நகரங்கள் ஜெர்மனியின் ஏழை நகரங்களாகவே இருக்கின்றன. ஒரு தலைமுறை அவகாசம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ரோண்டா சாட்சி.

மூன்றாவது மறுப்பு இலக்கியத்தைப் பற்றியது. குடும்பக் கதை என்றாலே ஏக்கம், பழம்பெருமை, வீட்டுத்தலைவர் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் கூலியை வாங்கிவைத்துக்கொள்ளும் அழகிய காட்சி என்பார்கள். உலகத்துக்கு வேல்ஸ் சுரங்கக் குடும்பத்தை அறிமுகப்படுத்திய ரிச்சர்ட் லெவலினின் 1939-ம் வருஷ நாவலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். வேல்ஸில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட அவர் பிறந்தது லண்டனில். 1941-ல் ஜான் ஃபோர்டு அதைப் படமாக்கியபோது போர் காரணமாகப் பள்ளத்தாக்கைக் கலிஃபோர்னியாவில் செட் போட்டார். சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. அந்த நாவலை நான் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் குறை வடிவத்தில் இல்லை, யார் கண்ணால் சொல்கிறோம் என்பதில். ஊரைவிட்டுப் போகும் மகன் சொன்னால் அம்மா எப்போதும் அடுப்படியில் நிற்பாள். 1984-க்குப் பின்னால் நடந்ததை அவனால் பார்க்கவே முடியாது. பொதுச் சமையலறைகளை நடத்தவும் மேடையேறிப் பேசவும் தொடங்கிய பெண்கள் வேலைநிறுத்தம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. டுலைஸ் பள்ளத்தாக்கில் பெண்களுக்காக ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். சுரங்கத் தொழிலாளியின் மனைவியான ஷான் ஜேம்ஸ் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கி, 2005-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். குடும்பம் உடைந்து சிதறியது என்பதும், உள்ளுக்குள் அதிகாரம் கைமாறியது என்பதும் இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை. நல்ல நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெற்ற தொகையை மறுபடி கூட்டுச் சொத்தாக்கியவர்களும் உண்டு. 1994-ல் மூடப்பட்ட டவர் சுரங்கத்தை 239 தொழிலாளர்கள் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கி, அடுத்த ஜனவரியில் திறந்தார்கள். முன்நின்றவர் டைரோன் ஓசலிவன். அவருடைய தந்தை அதே சுரங்கத்தில் உயிரிழந்தவர். கரி தீரும்வரை, 2008 ஜனவரிவரை, லாபத்தில் ஓட்டினார்கள்.

மற்ற வீடுகளில் மிஞ்சியது தூசு. 1998-ல் உயர் நீதிமன்றம், தூசைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கு நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நுரையீரல் நோய்க்கான நஷ்டஈட்டு மனுக்கள் சில லட்சங்களைத் தாண்டின. மனுப்போட்டவர்களில் பலர் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். பலர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், அவர்களுக்காக விதவைகளும் பிள்ளைகளும் மனுப்போட்டார்கள். ஆக, கொடுக்கும் இடத்திலும் கடைசியில் குடும்பம் வந்து நின்றது. ஒரு மனுவுக்கு இவ்வளவு என்று வழக்கறிஞர்களுக்கான கட்டணத்தை அரசே தந்தது. அப்படியிருந்தும் சில வழக்கறிஞர் அலுவலகங்கள், விதவைகளுக்கு வந்த காசோலையிலிருந்தும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டன. அதற்காகச் சிலர் மேல் ஒழுங்கு நடவடிக்கையும் வந்தது. புதிய மனுக்கள் வாங்குவது 2004 மார்ச்சோடு நின்றது. பைசல் ஆகாத கோப்புகள் பின்னும் சில வருஷம் நடந்தன. மனுதாரர் இடையில் காலமானால், அவர் இடத்தில் மகனோ மகளோ மனுவைத் தொடர்ந்தார்கள்.